ரிலே அறையின் இரண்டு சாவிகள்

அருளு,

திங்கட்கிழமை காலை நீ குளிக்கப் போயிருந்த நேரத்தில் உன் லேப்டாப் பையைத் திறந்து பார்த்தேன். டிபன் டப்பா வைப்பதற்காகத் திறந்தேன் என்று சொல்லி ஒப்பேற்றலாம், வேண்டாம். பார்க்க வேண்டும் என்றுதான் திறந்தேன். மூன்று நாளாக நீ சரியாகச் சாப்பிடவில்லை. போன் வந்தால் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உன் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டே கூடத்தைப் பெருக்கினேன். 'சைன்' என்ற ஒரு சொல் மட்டும் நாலைந்து தடவை வெளியே வந்தது. பைக்குள் நீல நிற உறையில் அந்தச் சான்றிதழ் இருந்தது. பாதுகாப்பு என்ற சொல் தலைப்பில் இருந்தது, உன் கையெழுத்து அடியில் இருந்தது. அதற்குமேல் நான் ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

நீ ஈரத் தலையோடு வெளியே வந்தாய். "போட்டுட்டியா கையெழுத்து?" என்றேன். "என் பையை ஏம்மா தொறந்தே?" என்றாய். "அதை விடு. மூணு நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு சுத்தும்போதே நினைச்சேன். உங்கப்பாவ சாவடிச்சானே ஒருத்தன், அவன் போட்ட கையெழுத்துக்கும் நீ போட்டதுக்கும் என்னடா வித்தியாசம்?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடியது. நீ துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாய். "முழுசாப் படிச்சியாம்மா?" என்று மட்டும் கேட்டாய். பிறகு கேப் வந்துவிட்டதாக கேட்டிலிருந்து போன் வந்தது, விமான நிலையத்துக்குக் கிளம்பிவிட்டாய். இரண்டு வருஷத்துக்கு வடக்கே போகிற பிள்ளைக்கு நான் சொல்லி அனுப்பிய வார்த்தை அதுதான். உன் காபி மேஜையில் ஆடை கட்டிக் கிடந்தது. அதன் பக்கத்திலேயே அந்தச் சான்றிதழின் நகலை வைத்துவிட்டுப் போயிருந்தாய்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து படித்தேன். முதல் பக்கத்தில் நீ போட்டிருந்தது, எல்லாவற்றையும் ஆராய்ந்து பார்த்தேன் என்பதற்கான கையெழுத்து. இரண்டாம் பக்கத்தில்தான் விஷயம் இருந்தது. ரயில் சோதனை ஓட்டம் ஒன்றில், ஸ்டேஷன் பக்கத்தில் தடம் மாற்றும் பாயிண்ட் சரியாகச் சேரவில்லை என்று ஆன பிறகும், எஞ்சினில் இருக்கும் உங்கள் கம்பெனிப் பெட்டியில் சில வினாடிகள் 'போகலாம்' என்ற பழைய அனுமதியே நின்றிருக்கிறது. அதைப் பதிவுக் கோளாறு என்று சொல்லி, நடந்த ஓட்டங்களின் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். காரணம் தெரியும்வரை ஒப்புதல் தர முடியாது என்று நீ எழுதி, அதன் கீழே இன்னொரு கையெழுத்து போட்டிருந்தாய். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். எதற்குத் திறந்தேன் என்று தெரியவில்லை. உனக்கு மூன்று தடவை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் நடுவில் என்னை வெட்டிவிட உனக்கு வழியில்லை.

நான் உன் கம்பெனியை முதல் நாளிலிருந்தே நம்பியதில்லை என்பது உனக்குத் தெரியும். போன வருஷம் குடும்ப தினம் என்று சொல்லி வைட்ஃபீல்டில் இருக்கும் அந்தக் கண்ணாடிக் கட்டிடத்துக்கு எங்களையெல்லாம் அழைத்தீர்களே, அன்றைக்கு உன் மேனேஜர், அந்தச் சேலத்துப் பையன் பிரகாஷ், மேடையில் ஒரு பொம்மை ரயிலை ஓட்டிக் காட்டினான். நம் நாட்டில் ஒரு பக்கம் இன்னும் லீவர் இழுக்கிறார்கள், ஒரு பக்கம் மின்சாரத்தில் ஏறி இறங்கும் ரிலே, ஒரு பக்கம் கம்ப்யூட்டர், அதிலும் ஒவ்வொரு கம்பெனிக்கு ஒவ்வொரு விதம், ஒன்று பேசுவது இன்னொன்றுக்குப் புரியாது, இனிமேல் நாடு முழுவதற்கும் ஒரே சிக்னல் முறை, எந்த ஊர் எஞ்சினும் எந்த ஊர் ஸ்டேஷனோடும் பேசும் என்றான். டிரைவர் சிவப்பைத் தாண்டினால் தானாகவே பிரேக் பிடிக்கும் என்றான். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பனியில் கம்பம் தெரியாமல் கண்ணைக் கசக்கிக்கொண்டு வரும் டிரைவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படியொன்று வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

என் சந்தேகம் வேறு. சாப்பாட்டு வரிசையில் அவன் பக்கத்தில் நின்றபோது கேட்டேன். "தம்பி, உங்க பொட்டிக்கு பாயிண்ட் சேர்ந்துருக்குன்னு யார் சொல்றது?" "ஸ்டேஷன்ல இருக்கிற ரிலே சொல்லும் ஆன்ட்டி." "ரிலேவே பொய் சொன்னா?" அவன் சிரித்தான். "ரிலே எப்படி ஆன்ட்டி பொய் சொல்லும்? அது வாய்ப்பே இல்ல." தட்டில் இன்னொரு குலாப் ஜாமூன் வைத்தான். நீ பின்னால் நின்று என் புடவையை இழுத்தாய். முப்பத்தொரு வருஷம் ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்த ஒருத்தியிடம் வாய்ப்பே இல்லை என்று சொல்கிறவனை எப்படி நம்புவது? அன்றிலிருந்து அவன் பெயரைக் கேட்டாலே எனக்கு ஆகாது. திங்கட்கிழமை உன் பையைத் திறந்ததற்கும் அதுதான் காரணம். ஆனால் அதற்கும் பின்னால் பழைய காரணம் ஒன்று இருக்கிறது. அதை நீ முழுதாகக் கேட்டதில்லை. நான் முழுதாகச் சொன்னதும் இல்லை.

உன் அப்பா இறந்தபோது உனக்கு நாலு வயது. நகரத்துக்கு வெளியே ஒரு சின்ன ஸ்டேஷனில் அவர் சிக்னல் மெயின்டெய்னர், பழுது பார்க்கும் ஆள். மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், ரயிலை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்குத் திருப்பும் பாயிண்ட் சரியாகச் சேரவில்லை. அவர் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தபோது அதே தடத்தில் வண்டி வந்துவிட்டது. இது உனக்குத் தெரியும். அன்றைக்கு அங்கே ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த நஞ்சுண்டய்யா பச்சை கொடுத்ததால்தான் வண்டி வந்தது என்பதும் தெரியும். விசாரணையில் அவர் ஒப்புக்கொண்டார்: வேலை முடிந்துவிட்டதாக உன் அப்பா பாயிண்டிலிருந்து போனில் சொன்னதாகவும், தடத்தைவிட்டு ஏறிவிட்டார் என்று தான் நினைத்துக்கொண்டதாகவும். தகவல் சொல்லிக்கொண்டதில் குறை என்று எழுதி விசாரணையை முடித்தார்கள். அவருக்கு ஒரு தண்டனை கொடுத்தார்கள். எனக்குக் கருணை அடிப்படையில் வேலை கொடுத்தார்கள். புடவைக்கு மேலே சட்டை போட்டுக்கொண்டு கேபிள் பள்ளம் தோண்டினேன். அப்புறம் பரீட்சை எழுதினேன், டெக்னீஷியன் ஆனேன். ஆறு வருஷம் கழித்து, நானே கேட்டு வாங்கிக்கொண்டு, அதே ஸ்டேஷனுக்குப் போனேன். நஞ்சுண்டய்யாவும் இரண்டு ஊர் சுற்றிவிட்டு அங்கேயே திரும்பி வந்திருந்தார்.

ஏன் கேட்டு வாங்கினேன்? சந்தேகம். ரிலே அறை என்று ஒன்று இருக்கிறதல்லவா, ஸ்டேஷன் சிக்னல்களையெல்லாம் ஆட்டிவைக்கும் ரிலேக்கள் வரிசை வரிசையாக டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருக்கும் அறை, அதற்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி ஸ்டேஷன் மாஸ்டரிடம், இன்னொன்று சிக்னல் ஆளிடம். இருவரும் சேர்ந்தால்தான் திறக்கும், திறக்கும்போதெல்லாம் ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். போய்ச் சேர்ந்த முதல் வாரமே அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய ரிஜிஸ்டரை இழுத்தேன். அந்தத் தேதியில் உன் அப்பா திறந்த ஒரு வரி இருந்தது, வழக்கமான வேலை என்று அதைத் தாண்டிவிட்டேன். அதன் கீழே, அவர் அடிபட்டுக் கிடந்த நேரத்துக்கு இருபது நிமிஷம் பிந்தி, அறை திறக்கப்பட்டிருந்தது. இரண்டு கட்டத்திலும் நஞ்சுண்டய்யாவின் எழுத்து. உன் அப்பாவின் சாவி அவருடைய சட்டைப் பையில் இருந்தது. அப்படியென்றால் இறந்துபோனவரின் பையில் கைவிட்டு அந்த மனிதர் சாவியை எடுத்திருக்கிறார். எதையோ மறைக்க உள்ளே போயிருக்கிறார். ரிஜிஸ்டரை அடித்தட்டிலேயே திரும்ப வைத்தேன்.

அதற்குப் பிறகு அந்த மனிதர் செய்த எதுவும் எனக்கு நல்லதாகப் படவில்லை. "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டால் குற்ற உணர்ச்சி என்று நினைப்பேன். கேட்காவிட்டால் திமிர் என்று நினைப்பேன். ஆயுத பூஜை அன்று உன்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனேன், ஞாபகம் இருக்கிறதா? சிக்னல் பொத்தான்கள் உள்ள பேனலுக்குப் பூச்சரம் போட்டு, வாசலில் பூசணிக்காய் உடைத்து, எல்லாருக்கும் கடலைப்பொரிப் பொட்டலம் கொடுத்தார்கள். உனக்கு அவர் கையாலேயே கொடுத்தார், கன்னத்தைத் தட்டினார். வெளியே வந்ததும் அதைப் பிடுங்கித் தண்டவாளத்துப் பக்கம் வீசிவிட்டு, "உங்கப்பாவ கொன்னவன் கொடுக்கறத தின்னுவியா?" என்றேன். உனக்குப் பத்து வயது. நீ அழவில்லை. வீடு வரைக்கும் என் கையைப் பிடிக்காமல் நடந்தாய். அடுத்த மாதம், அவருக்குப் பதவி உயர்வு வரப்போகிறது என்று தெரிந்ததும், மேலிடத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். விபத்துக்குப் பிறகு சாட்சியத்தை அழித்தவர் என்று எழுதினேன். பதவி உயர்வு நின்றது. அவரைத் தூரத்து ஸ்டேஷன் ஒன்றுக்கு மாற்றினார்கள். போகிற அன்றைக்கு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வந்தவர் என்னிடமும் வந்து, "வரட்டுமாம்மா, மகனை நல்லாப் படிக்க வை" என்றார். நான் ரிலேயைத் துடைத்துக்கொண்டே தலையை ஆட்டினேன்.

சந்தேகம் என் தொழில் என்று நான் பெருமையாகச் சொல்வேன். சிக்னல் என்பதே சந்தேகப் பிராணி. ஒயர் அறுந்தாலும், பல்பு போனாலும், எலி கடித்தாலும், தெரியவில்லை என்றால் சிவப்பு. நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் பச்சை. இதை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டேன். நீ ஹாஸ்டலில் இருந்தபோது வாரா வாரம் வார்டனுக்குப் போன் செய்தேன். உன் சினேகிதர்கள் வந்தால் அவர்கள் போன பிறகு அறையை மோந்து பார்த்தேன். உனக்குப் பிடித்த அந்தப் பெண் வீட்டுக்கு வந்தபோது அவள் அப்பாவைப் பற்றிப் பன்னிரண்டு கேள்வி கேட்டேன், மறுபடி அவள் வரவேயில்லை. நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

இந்த வாரத்துக்கு வருகிறேன். உன் இரண்டாம் பக்கத்தைப் படித்த பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. என் பிள்ளையை ஒரு பக்கம் மட்டும் படித்துவிட்டுக் குற்றவாளி ஆக்கியவள், இதற்கு முன்னாலும் யாரையாவது அப்படிச் செய்திருப்பேனோ என்று தோன்றியது. ஓய்வு பெற்றவர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டதில், நஞ்சுண்டய்யா மல்லேஸ்வரத்தில் மகள் வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். புதன்கிழமை மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறிப் போனேன். போகும் வழியெல்லாம், இவர் என்ன பொய் சொல்லப்போகிறார் என்றுதான் யோசித்தேன். மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று என் மனசுக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

கதவைத் திறந்தவர் என்னை உடனே தெரிந்துகொண்டார். உடம்பு பாதியாகியிருந்தது, குரல் மட்டும் அப்படியே இருந்தது. "பாம்மா, ஒளகே பா" என்று கன்னடத்தில் உள்ளே கூப்பிட்டு நாற்காலியைத் தானே துடைத்தார். மகள் காபி வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் சுற்றி வளைக்கவில்லை. "சார், என் வீட்டுக்காரர் செத்து இருபது நிமிஷத்துல நீங்க ரிலே ரூமைத் தொறந்தீங்க. எதுக்கு?" என்றேன்.

அவர் காபியைக் கீழே வைத்தார். "கீ ரிஜிஸ்டர் பார்த்தியா நீ?"

"பார்த்தேன். உங்க கையெழுத்து ரெண்டு கட்டத்துலயும் இருந்தது."

"ரூம் திறந்தா எழுதணும் அல்லவா? எழுதினேன்" என்றார், அதில் என்ன இருக்கிறது என்பதுபோல. "நோடம்மா, பாரு, உள்ளே ஒரு ஒயர் இருந்தது. உன் வீட்டுக்காரர் போட்டது. ஜம்பர். அதை எடுக்கப் போனேன்."

உனக்குப் புரியும், அருளு, இருந்தாலும் எழுதுகிறேன். பாயிண்ட் சேர்ந்து பூட்டிக்கொண்டால்தான் அறையில் ஒரு ரிலே ஏறும், அது ஏறினால்தான் பச்சை கொடுக்க முடியும். நடுவில் ஒரு துண்டு ஒயரைச் சொருகிவிட்டால், சேராத பாயிண்டைச் சேர்ந்ததாக மற்ற ரிலேக்கள் எடுத்துக்கொள்ளும். செய்யவே கூடாத காரியம். முறைப்படி, வேலை செய்யப் போகிறேன் என்று மாஸ்டரிடம் எழுத்தில் மெமோ கொடுக்க வேண்டும். கொடுத்தால் வேலை முடியும்வரை சிவப்புதான். ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தி, கைக்கொடி காட்டித்தான் அனுப்ப வேண்டும். அன்றைக்குப் பின்னால் நாலு வண்டி நின்றுகொண்டிருந்ததாம். கன்ட்ரோல் ஆபீஸிலிருந்து போனில் கத்திக்கொண்டே இருந்தார்களாம்.

"மெமோ கொடுக்காம ரூம் சாவி கேட்டார். நான் கொடுத்தேன்" என்றார் நஞ்சுண்டய்யா. "எதுக்குன்னு கேக்கல. கேட்டா சொல்லிடுவார்ன்னு கேக்கல. 'பேகா பேகா, சீக்கிரம் ஆகட்டும்'ன்னு நானும்தான் சொன்னேன். அப்புறம் பேனல்ல எல்லாம் சரியா காட்டிச்சு. முடிச்சிட்டார்ன்னு நினைச்சு பச்சை கொடுத்தேன். அவர் முடிக்கல. ஒயரைப் போட்டுட்டு, திரும்ப பாயிண்டுக்குப் போயிருக்கார்."

"போன்ல சொன்னார்னு விசாரணையில சொன்னீங்களே?"

"போன் ஏதும் வரல. அது நான் கட்டினது. ஒயர் விஷயம் வெளிய வந்தா செத்தவர் மேலேயே குத்தம் வரும். உனக்கு வேலை கொடுப்பாங்களோ மாட்டாங்களோ. ரூல் எனக்குத் தெரியாது. ஒரு சின்னக் குழந்தையை இடுப்புல வெச்சிக்கிட்டு நீ பிளாட்பாரத்துல நின்னே. அதைப் பார்த்தேன். போய் எடுத்துட்டேன்."

என் முதல் நினைப்பு என்ன தெரியுமா? பொய் சொல்கிறார் என்பதுதான். வாய்விட்டே சொன்னேன். "செத்தவர் மேல பழி போடறது சுலபம் சார்." அவர் கோபப்படவில்லை. "ஹௌது, ஆமா, சுலபம்" என்றார். "ஆனா நீ சிக்னல் ஆள். நீயே சொல்லு. பாயிண்ட் ராடு கழட்டிக் கிடந்தது, கேங்மேன் எல்லாரும் பார்த்தாங்க. ராடு கழட்டினா பச்சை வருமா?"

வராது. பாயிண்டை நகர்த்திப் பிடிக்கும் அந்த இரும்பு ராடைக் கழற்றினால் பாயிண்ட் சேர்ந்திருக்கிறது என்று சொல்லவே வழியில்லை, ரிலே ஏறாது, பச்சை வராது. உள்ளே ஒயர் போட்டிருந்தாலொழிய வராது. அருளு, ராடு கழற்றிக் கிடந்த விஷயம் எனக்கு அன்றைக்கே தெரியும். உன் அப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்த கேங்மேன்களே, தண்டவாள வேலை பார்க்கிறவர்கள், என்னிடம் சொன்னார்கள். அப்போது எனக்கு அதன் அர்த்தம் தெரியாது. ஆனால் பின்னால் இருபது வருஷத்துக்கு மேல் அந்த அறைகளுக்குள்ளேயே வாழ்ந்தவள் நான். எந்த ஒயர் எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்தை நான் எடுத்துக்கொள்ளவே இல்லை. ஊரில் உள்ள அத்தனை பேரையும் சந்தேகப்பட்டேன், உன் அப்பாவை விட்டுவிட்டேன், என்னையும் விட்டுவிட்டேன். இன்னொன்றும் இருக்கிறது. நானும் ஒரு தடவை ஜம்பர் போட்டிருக்கிறேன். வேறு ஸ்டேஷனில், கன்ட்ரோல் நச்சரித்தபோது, பத்து நிமிஷத்துக்கு. ஒரு வண்டி போனது, எடுத்துவிட்டேன், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால் அதை மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் வீட்டில் கண்ணீர் விடக்கூடாது என்று வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கும்போதுதான் சொன்னேன். "சார், உங்க ப்ரமோஷன் நின்னுச்சே, ஒரு மொட்டைக் கடிதத்தால..." அவர் கையை அமர்த்தினார். "ஆபீஸ்ல கூப்பிட்டு அந்தக் கடிதத்தைக் காட்டினாங்கம்மா. யார் எழுத்து தெரியுதான்னு கேட்டாங்க. தெரியாதுன்னு சொன்னேன். தினம் உன் ஃபெயிலியர் ரிஜிஸ்டர் படிச்சவன், எனக்கா உன் எழுத்து தெரியாது?" என்று சிரித்தார். நான் அவர் காலைத் தொடக் குனிந்தேன். "பேடம்மா, பேடா" என்று தடுத்து நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

திரும்பி வரும்போது மெட்ரோவில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, இவ்வளவு நல்ல மனிதரை என்ன செய்துவிட்டேன் என்று அழுதேன். எதிரில் இருந்த பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். ஆனால் வைட்ஃபீல்ட் வருவதற்குள் வேறொரு சந்தேகம் வந்துவிட்டது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அவர் செய்தது எனக்கும் உனக்கும் சோறு போட்டது. அதே சமயம், அந்த ஒயரை எடுத்து ஒளித்ததோடு, அப்படி ஒரு ஒயர் இருந்தது என்பதையே ரயில்வேயிடமிருந்து ஒளித்துவிட்டார். தகவல் குறை என்று எழுதினார்கள், போனில் கவனமாகப் பேசுங்கள் என்று சுற்றறிக்கை அனுப்பினார்கள். மெமோ இல்லாமல் சாவி கொடுப்பது எல்லா ஸ்டேஷனிலும் அப்படியே நடந்துகொண்டிருந்தது. அதனால்தான் நானும் ஒரு நாள் ஜம்பர் போட்டேன். எனக்கு முன்னால் ஒருவர் அதைப் போட்டு, அதே வேலையில் செத்தார், அவர் என் புருஷன் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே.

இதெல்லாம் பழங்கதை என்று நீ நினைத்துவிடக்கூடாது. வியாழக்கிழமை பிரகாஷ் எனக்குப் போன் செய்தான். நீ அவன் போனையும் எடுப்பதில்லையாம். "ஆன்ட்டி, அருள் சொன்னது சரிதான். டெஸ்ட் பண்ணின ஸ்டேஷன்லயே மறுபடி ஓட்டிப் பார்த்தோம். அந்தக் கோளாறு ஒரு தடவை வந்துச்சு" என்றான். உள்ளே ஏதோ குளிர்ந்தது எனக்கு. என் பிள்ளை சரியாகத்தான் செய்திருக்கிறான். "நிறுத்திட்டீங்களா?" என்று கேட்டேன். "நிறுத்தி, சரி பண்ணிக்கிட்டிருக்கோம். ஒரு சின்ன விஷயம் ஆன்ட்டி. அவன் ரிப்போர்ட்ல ஃபெயிலியர்னு எழுதியிருக்கான். அதை அப்சர்வேஷன்னு மாத்திக்கச் சொல்லுங்க. எப்படியும் சரி பண்ணிடுவோம். ஃபெயிலியர்னு மேல போனா இந்த டீமையே கலைச்சிடுவாங்க. எல்லாம் கல்யாணம் ஆகி ஒரு வருஷம், ரெண்டு வருஷம் ஆன பசங்க. என் பொண்டாட்டியும் மாசமா இருக்கா."

அவன் குரல் உடைந்துதான் இருந்தது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. இத்தனை நாள் நான் அவனை மோசக்காரன் என்று நினைத்திருந்தேன். இல்லை. அவன் நஞ்சுண்டய்யா மாதிரி நல்லவன். அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. "தம்பி, அவன்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீ அவனோட சேர்ந்து கையெழுத்துப் போடு, அதைச் செய்" என்றேன். "வைக்கறேன் ஆன்ட்டி" என்றான். போன வெள்ளிக்கிழமை அந்த மறுப்பில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய், திங்கட்கிழமை உன்னை வடக்கே அனுப்பிவிட்டார்கள். மற்ற ரயில்வே கோட்டங்களில் சோதனை பார்க்க, பதவி உயர்வு என்கிறாய். இருக்கலாம். என் பழக்கத்தை நான் விட முடியாது: யார் அனுப்பினார்கள், எந்தத் தேதியில் முடிவு செய்தார்கள் என்று கேட்டுக்கொள். உன் ரிப்போர்ட்டின் நகலை உன்னிடமே வைத்துக்கொள். சரி செய்துவிட்டோம் என்று சொன்னால் எதைச் சரி செய்தீர்கள் என்று எழுத்தில் வாங்கு.

ஆனால் ஆட்களை மோந்து பார்க்காதே. அந்த நோய் என்னோடு போகட்டும். நான் நஞ்சுண்டய்யாவைச் சந்தேகப்பட்ட நேரத்தில் ரிலே அறையைச் சந்தேகப்பட்டிருந்தால், எத்தனையோ வருஷத்துக்கு முன்னாலேயே உண்மை வெளியே வந்திருக்கும். உங்கள் முறையில் ஒரு ஆபத்து இருக்கிறது, நீ என்னைவிட நன்றாக அறிவாய். உன் அப்பா போட்ட ஒயர் ஒரு ஸ்டேஷனில் ஒரு பாயிண்டைப் பற்றித்தான் பொய் சொன்னது. நாடு முழுவதும் ஒரே மாதிரி ஆன பிறகு, நீங்கள் ஒரு இடத்தில் விடும் பிழை எல்லா ஸ்டேஷனிலும் உட்கார்ந்திருக்கும். அறைக்குள் யாராவது ஒயர் சொருகினால் உங்கள் பெட்டி அந்தப் பொய்யை ரேடியோவில் எஞ்சினுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும், டிரைவர் நம்பி வருவான். அன்றைக்கு உங்கள் முறை இருந்திருந்தாலும் உன் அப்பா பிழைத்திருக்க மாட்டார். பிரகாஷிடம் நான் கேட்க நினைத்தது இதுதான், குலாப் ஜாமூன் கொடுத்து அனுப்பிவிட்டான்.

அதனால் நேற்று மறுபடியும் மல்லேஸ்வரம் போனேன். நஞ்சுண்டய்யாவிடம், நடந்ததை எழுதிக் கொடுங்கள் சார் என்று கேட்டேன். முதலில் மாட்டேன் என்றார். "செத்தவர் பெயர் ஏம்மா கெடணும்? பையனுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பான்?" என்றார். அவன் வேலையே அதுதான் சார், எங்கே எப்படித் தப்பு நடந்தது என்று பட்டியல் போட்டு, அது மறுபடி நடக்காமல் பார்ப்பதுதான் என்று சொன்னேன். அவருடைய மகள் உள்ளேயிருந்து வந்து, "அப்பா, பரெதுகொடி" என்று பேனாவையும் தாளையும் வைத்தாள், எழுதிக் கொடுங்கள் என்று. இரண்டு மணி நேரம் எழுதினார். சாவியை மெமோ இல்லாமல் கொடுத்ததையும், ஒயரை எடுத்ததையும், விசாரணையில் சொன்ன பொய்யையும் கன்னடத்தில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். நான் அதன் கீழே தமிழில், நான் போட்ட ஜம்பரையும் எந்த ஸ்டேஷன், என்ன காரணம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இந்தக் கடிதத்தோடு அது இருக்கிறது. முதலில் நீ மகனாகப் படி. உன் அப்பாமேல் கோபம் வந்தால் கோபப்படு, என்மேல் வந்தாலும் சரி. அவர் அந்த ஒயரைச் சோம்பலில் போடவில்லை, நாலு வண்டி நிறையச் சனம் மழையில் நின்றுகொண்டிருந்தது, அதையும் நினைத்துக்கொள். பிறகு உங்கள் பட்டியலில் சேர்த்துவிடு. அதில் ஆட்களின் பெயர் வேண்டாம், வேலையின் பெயர் போதும் என்று நீ ஒரு தடவை சொல்லியிருக்கிறாய். அப்படியே செய். சிக்னல் மெயின்டெய்னர் ஒருவர் என்று எழுது. அது யார் என்று உனக்கும் எனக்கும் நஞ்சுண்டய்யாவுக்கும் தெரியும்.

அம்மா